ஐலண்டுக்குப் போய்வந்த பெஞ்சு

“நான் முதமுதலா செஞ்ச பெஞ்சு இருக்கே, அது போட்டுல ஏறி ஐலண்டுக்குப் போயி, என் மகளுக்கு வேலை வாங்கிக் குடுத்துட்டு, மத்தியானம் சோறு வடிக்கிறதுக்குள்ள வீடு திரும்பிடுச்சு.”

கொச்சங்காடி சாயாக்கடையில் செல்லப்பா இப்படி அறிவித்தபோது, கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த சாயாவில் பாதி தம்ளருக்கும் பாதி தரைக்கும் போயிற்று. மிளகு கோடவுனில் வேலை பார்க்கும் முகமது இஸ்மாயில்தான் முதலில் வாயைத் திறந்தார்.

“சேட்டா, பெஞ்சு தனியாவா போச்சு? துணைக்கு ஒரு ஸ்டூலையாவது அனுப்பியிருக்கக் கூடாதா?”

“சிரி, சிரி. நான் சும்மா சொல்லல. சாட்சி இருக்கு. என் மச்சான் அழகரே கூட வந்தாரு. கேட்டுப் பாரு.”

கேட்பதற்கு வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. செல்லப்பாவின் மனைவிக்கு அண்ணனான அழகர், இடக்கொச்சியிலிருந்து ஏதோ காரியமாக வந்தவர், அதே கடையின் மூலையில் உட்கார்ந்து பரிப்புவடை தின்றுகொண்டிருந்தார். கடையே அவர் பக்கம் திரும்பியது. அவர் வடையை மென்று முடித்தார். சாயாவை ஒரு மிடறு குடித்தார். வாயைத் துண்டால் துடைத்தார்.

“பெஞ்சா? எந்த பெஞ்சு?” என்றார். “மாப்ள, வெயில் ஜாஸ்தியா இருக்கு. தலையில துணியப் போட்டுட்டு நடங்க.”

கடை சிரித்த சிரிப்பு, செல்லப்பாவின் கணக்குப்படி, ஃபோர்ட்கொச்சி வரை கேட்டது. அவர் வீடு அதைவிடப் பக்கம். அதனால் அவர் போய்ச் சேருமுன்பே சேதி போய்ச் சேர்ந்திருந்தது. வாசலில் பேச்சியம்மாள் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“எங்க அண்ணன் பொய் சொல்ல மாட்டாரு. நீங்க உண்மை சொல்ல மாட்டீங்க. இதுல நான் யார நம்புறது?”

“பெத்த மக இருக்கால்ல, அவளக் கேளு.”

மகள் கங்கா உள்ளேயிருந்து, “அப்பா சொன்னது எல்லாமே சத்தியம்மா,” என்றாள். அதைக் கேட்டதும் பேச்சியம்மாளின் சந்தேகம் இரட்டிப்பாயிற்று. பள்ளிக்கூடத்தில் கணக்குப் பரீட்சை வந்த நாளிலெல்லாம் மகளுக்கு வயிற்றுவலி வர, அதற்கு அப்பன் நேரில் பார்த்த சாட்சியாக நின்ற வரலாறு அந்த வீட்டுக்கு உண்டு.

“திங்கக்கிழமை இவ வேலைக்குச் சேரப் போறா. அன்னைக்குத்தான் பழைய இரும்புக்காரனும் வருவான். அதுக்குள்ள எங்க அண்ணன் தன் வாயால ‘நடந்துச்சு’ன்னு சொல்லட்டும், உங்க உளியும் ரம்பமும் வீட்டுல இருக்கட்டும். சொல்லலேன்னா அத்தனையும் அவன் வண்டியில.”

செல்லப்பா உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தது அந்தப் பெஞ்சின் மேலேதான்.

அவர் கொச்சி கார்ப்பரேஷனில் தண்ணீர்க் குழாய் வால்வு திறந்துவிடுகிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மட்டாஞ்சேரியில் எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் என்பது அவர் கைத்திருப்பலில் இருந்தது. ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் அந்தக் கைக்குத் திருப்ப ஒன்றும் இல்லை. ரேடியோவின் காதைத் திருப்பினார். அது கையோடு வந்துவிட்டது. அம்மியின் குழவியைத் திருப்பி வைத்தார், பேச்சியம்மாள் கத்தினாள். அவள் இன்னும் கார்ப்பரேஷன் துப்புரவுப் பிரிவில்தான் இருந்தாள். விடியுமுன் போனால் மதியம்தான் வருவாள். அதுவரை ஒரு மனுஷன் என்னதான் செய்வான்?

ஒருநாள் யூதத் தெருவில் பழைய சாமான் விற்கிற கடையில் ஒரு இழைப்புளியைப் பார்த்தார். பலகையை வழுவழுப்பாக்குகிற அந்தக் கருவியை ஏதோ கப்பல் பொம்மை என்று நினைத்துத்தான் கையில் எடுத்தார். கடைக்காரன் ஒரு துண்டுப் பலகையில் அதை ஓட்டிக் காட்டினான். ரிப்பன் மாதிரி மரம் சுருண்டு வந்தது. அவ்வளவுதான். ஐம்பத்தைந்து வயதில் செல்லப்பாவுக்குக் காதல் வந்துவிட்டது. இழைப்புளியோடு உளி, ரம்பம், மூலைமட்டம் எல்லாம் வீடு வந்து சேர்ந்தன.

முதலில் செய்தது ஒரு சுவர் அலமாரி. கொஞ்சம் சரிவாக அமைந்துவிட்டது. மேலே வைத்த சீனி டப்பா மெல்ல மெல்ல நகர்ந்து கடைசியில் குதித்துவிடும்.

“வச்ச சாமான் தானா கைக்கு வருது, இது எந்தக் கடையில கெடைக்கும் சொல்லு,” என்றார் செல்லப்பா.

“கைக்கு வரலீங்க, காலுக்கு வருது,” என்றாள் பேச்சியம்மாள், பெருவிரலைத் தடவிக்கொண்டே.

அவர் கைவேலையில் அவளுக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று: மரத்தூள். அந்த வீட்டில் அறக்கப்பொடி அடுப்புதான். தகர டின்னில் மரத்தூளை இடித்து இறுக்கிப் பற்ற வைத்தால் சோறும் குழம்பும் ஆகிவிடும். செல்லப்பா அறுத்த அறுப்புக்கு மரச்சாமான் வந்ததோ இல்லையோ, தூளுக்குப் பஞ்சமே இல்லை. விழுந்த தூளை விழுந்த சூட்டோடு கூட்டி அடுப்பில் போட்டுவிடுவாள்.

அடுத்ததாகப் பெஞ்சில் இறங்கினார். கோடவுனில் கழித்துப்போட்ட பெட்டிப் பலகைகளை இஸ்மாயில் கொடுத்தார். உட்காரும் பலகையில் நாலு துளை. நாலு காலின் தலையிலும் துளைக்குள் நுழைகிற மாதிரி ஒரு நாக்கு. கேட்பதற்கு இவ்வளவுதான். ஆனால் உளியைப் பிடித்தவுடன் செல்லப்பாவுக்கு நிறுத்த மனசு வரவில்லை. வால்வைத் திறந்து பழகிய கை, தாராளமாகத் திறந்துவிட்டது. துளைகள் அகன்றன. காலை நுழைத்தால் அது உள்ளே நின்று கதகளி ஆடியது. மரத்தைக் குறைக்கலாம், துளையைக் குறைக்க முடியுமா?

சந்து விழுந்தால் மரத்தூளைப் பசையில் குழைத்து அடைக்க வேண்டும் என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தார். பசைக்குக் காலைக் கஞ்சி இருந்தது. மரத்தூள்தான் இல்லை, அன்றைய தூள் அன்றைய குழம்பாகிவிட்டிருந்தது. நேரே கோடவுனுக்குப் போனார். இஸ்மாயில் வெளியே போயிருந்தார். மூலையில் ஒரு சாக்கு நிறையப் பழுப்பு நிறத்தில் தூள். கேட்க ஆளில்லாததால் கேட்காமலே ஒரு வாளி அள்ளிக்கொண்டு வந்தார்.

அது மிளகும் சுக்கும் மிளகாயும் கூட்டிப் பெருக்கிய தரைத்தூள். மூக்கில் ஏறியிருக்காதா என்று கேட்கலாம். மட்டாஞ்சேரி மூக்குக்கு மிளகு ஒரு வாசனையே அல்ல. அங்கே அதுதான் காற்று.

கஞ்சியில் குழைத்துச் சந்துகளில் வைத்து அழுத்தினார். பெஞ்சு கல்லைப் போல் நின்றது. இரண்டு நாள் கழித்துக் கஞ்சி காய்ந்து பொரிந்தது. கால்கள் மறுபடி மெல்ல அசையத் தொடங்கின. யாராவது உட்கார்ந்தால் காலின் நாக்கு துளைக்குள் ஏறி இறங்கும். கொல்லன் துருத்தி மாதிரி, புஸ்ஸென்று ஒரு தூள் புகை எழும். செல்லப்பாவும் மகளும் மனைவியும் அதன் மேலே உட்கார்ந்து கப்பைக்கிழங்கும் மீன்குழம்பும் சாப்பிட்டார்கள். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

இந்த நிலையில்தான் கங்காவுக்கு, காயல் நடுவே துறைமுகத் தீவாக இருக்கும் ஐலண்டில் ஒரு கப்பல் ஏஜென்ட் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. டெலிபோன் போர்டில் உட்காருகிற வேலை. பத்து மணிக்கு நேர்முகம். அம்மா விடியற்காலையிலேயே வேலைக்குப் போய்விட்டாள். மருமகளை வழியனுப்ப அழகர் சலவை வேட்டியில் வந்து நின்றார்.

அழகர் இடக்கொச்சி மாரியம்மன் கோயில் கமிட்டித் தலைவர். அது சின்னப் பதவி. சகுனத்தில்தான் அவர் பெரிய ஆள். வள்ளம் வாங்கப் போகிறவன், பெண் பார்க்கப் போகிறவன், பல் பிடுங்கப் போகிறவன் எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் படியிறங்குவார்கள். ஒற்றைத் தும்மல் கேட்டதா, காரியம் தடை. திரும்பி வந்து, புறப்பட்ட இடத்திலேயே உட்கார்ந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். இதில் அவர் சொந்த அம்மாவுக்கே விலக்குக் கொடுத்தவர் அல்ல.

“புறப்படு தாயி. வலது கால்,” என்றார் அழகர்.

கங்கா பெஞ்சிலிருந்து எழுந்தாள். புஸ்.

அழகரின் மூக்கு இடக்கொச்சியில், மீனும் காயல் காற்றுமாக வளர்ந்த மூக்கு. அது தும்மிய தும்மலில் சுவரில் மாட்டியிருந்த காலண்டர் இரண்டு மாசம் முன்னால் போனது.

“தடை!” என்றார் அழகர், தானே அதிர்ந்துபோய். “உக்காரும்மா. தண்ணி குடி.”

கங்கா உட்கார்ந்தாள். புஸ். தண்ணீர் குடித்தாள். எழுந்தாள். புஸ்.

அழகர் தும்மினார்.

“மறுபடியுமா! உக்காரு தாயி, உக்காரு.”

“மாமா, நேரமாயி.”

“நேரம் பெருசா, சகுனம் பெருசா?”

உட்கார்ந்தாள். குடித்தாள். எழுந்தாள். அவர் தும்மினார். இது நடந்துகொண்டே இருந்தது. செம்பு காலியாகி மறுபடி நிறைந்தது. கங்காவின் வயிற்றுக்குள் தண்ணீர் சலசலப்பது வெளியே கேட்டது. செல்லப்பாவின் கண் பெஞ்சின் காலுக்குப் போனது. புகை கிளம்புவதைப் பார்த்தார். மச்சானின் மூக்கைப் பார்த்தார். விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் வாயைத் திறந்தால் தன் முதல் பெஞ்சின் மானம் போய்விடும். மூடிக்கொண்டிருந்தால் மகளின் வேலை போய்விடும்.

“மச்சான், அவ அந்தப் பாயில உக்காரட்டுமே,” என்று இழுத்தார்.

“பாயிலயா? புறப்பட்டது பெஞ்சுலருந்து. பெஞ்சுலதான் உக்காரணும். என்ன மாப்ள, சாஸ்திரம் தெரியாத ஆளா இருக்கீங்க!”

படகுத்துறைப் பக்கமிருந்து போட்டின் மணி கேட்டது. கங்கா அப்பாவைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள், குனிந்து பெஞ்சைப் பார்த்தாள்.

“மாமா, ஒரு காரியம் பண்ணலாம். பெஞ்சையும் எடுத்துக்கலாம். வழியில எங்க தும்மினாலும் அங்கேயே போட்டு, உக்காந்து, எழுந்திரிச்சுப் போயிட்டே இருக்கலாம். புறப்பட்ட இடம்தான் நம்ம கூடவே வருதே.”

அழகர் யோசித்தார். சாஸ்திரத்தை மேலும் கீழும் புரட்டிப் பார்த்தார். எந்த இடத்திலும் இதற்குத் தடை இருப்பதாக அவருக்குத் தெரியவில்லை.

“படிச்ச புள்ள,” என்றார். “மாப்ள, பின்பக்கம் புடிங்க.”

அப்படித்தான் அந்த ஊர்வலம் பஜாருக்குள் இறங்கியது. முன்னால் கையில் தண்ணீர்ச் செம்போடு கங்கா. அடுத்து தலையில் சும்மாடு வைத்துப் பெஞ்சின் முன்பக்கத்தைத் தாங்கியபடி கமிட்டித் தலைவர். பின்பக்கம் செல்லப்பா. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மட்டாஞ்சேரி பஜாரில் தலைச்சுமை இல்லாமல் நடப்பவனைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். அழகரின் மூக்குக்கு நேர் மேலே முன்கால் ஆடிக்கொண்டு வந்தது. அடிக்கு ஒரு புஸ். மூட்டை வண்டிகளுக்கு நடுவில் ஊர்வலம் நின்றது, பெஞ்சு இறங்கியது, கங்கா உட்கார்ந்தாள், குடித்தாள், பெஞ்சு ஏறியது. செல்லப்பா பின்னாளில் சொன்னதை நம்பினால், அன்று அவர்களுக்குப் பின்னால் நின்ற கைவண்டி வரிசை அரண்மனைப் பக்கம் வரை வளர்ந்து, அங்கே ஒரு வளைவு வளைந்து, திரும்பி அவர்கள் முன்னாலேயே வந்து நின்றது.

போட்டில் கண்டக்டர் தடுத்தார்.

“எந்தா இது?”

“பெஞ்சு,” என்றார் செல்லப்பா.

“அது கண்டு. எங்கோட்டு போகுது?”

“நேர்முகத்துக்கு.”

கண்டக்டர் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டு ஒரு சாமான் டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். பெஞ்சு போட்டின் நடுவில் இடம் பிடித்தது. நின்றுகொண்டிருந்த நாலு பேர் சந்தோஷமாக வந்து உட்கார்ந்தார்கள். புஸ். யார் மட்டாஞ்சேரிக்காரர், யார் வெளியூர்க்காரர் என்று அன்று மூக்கே காட்டிக்கொடுத்துவிட்டது. ஊர்க்காரர்கள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் தும்மிய வேகத்தில் போட்டு வழக்கத்தைவிடச் சீக்கிரமாக ஐலண்டை அடைந்தது. என்ஜினை அணைத்துவிட்டுத் தும்மலிலேயே ஓட்டினார்கள் என்று செல்லப்பா சொல்வதுண்டு. அது கொஞ்சம் அதிகம்தான். பாதி வழிக்கு என்ஜின் ஓடியது.

கம்பெனி வராந்தாவில் பெண்கள் பலர் நின்றுகொண்டிருந்தார்கள். இருந்தது ஒரே ஒரு நாற்காலி. அதிலும் பியூன் உட்கார்ந்திருந்தார். செல்லப்பா பெருந்தன்மையாகப் பெஞ்சை நடுவில் போட்டார்.

“இருங்கம்மா, இருங்க. நான் செஞ்சதுதான்.”

எல்லாரும் எர்ணாகுளம், ஆலுவா பக்கத்துப் பெண்கள். நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். பெஞ்சு தன் வாழ்நாளில் அதுவரை விடாத பெருமூச்சை விட்டது. காயல் காற்று அதை அப்படியே சுமந்து மேனேஜரின் அறைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. மேனேஜர் மலையோரத்துப் பாலா ஊர்க்காரர், நல்ல ரப்பர் தோட்டத்து மூக்கு.

சோதனை சுலபமானதுதான். போனில் கப்பல் பெயர்களையும் நம்பர்களையும் நிறுத்தாமல் படிக்க வேண்டும், பக்கத்து அறையில் ஒரு குமாஸ்தா அதைக் கேட்டு எழுதுவார். ஒரு பெண் கப்பலின் பெயரில் பாதியைச் சொல்லி மீதியைத் தும்மினாள். இன்னொருத்தி நம்பருக்கு நடுவில் கர்சீப்பைத் தேடினாள். கங்காவின் முறை வந்தபோது மேனேஜர் தும்மினார், பியூன் தும்மினார், சுவருக்கு அந்தப் பக்கம் குமாஸ்தா தும்மினார். கங்கா கண்ணைக்கூடச் சிமிட்டாமல் முதல் கப்பலில் தொடங்கிக் கடைசிக் கப்பலைக் கரை சேர்த்துவிட்டுப் போனை வைத்தாள்.

மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இந்தக் கட்டிடமே இடிஞ்சு விழுந்தாலும் இந்தக் குட்டி லைனைக் கட் பண்ணாது,” என்றார். பிறகு தும்மினார்.

வேலை உத்தரவு பத்து நாளில் வந்தது. அதற்குள் அழகர் நிதானமாக உட்கார்ந்து யோசித்து, தும்மலின் காரணத்தையும் மோப்பம் பிடித்திருந்தார். கமிட்டித் தலைவர் தலையில் பெஞ்சு சுமந்தார் என்பது ஒரு கேவலம். அன்றைய தடையெல்லாம் மிளகுத்தூள் போட்ட தடை என்று இடக்கொச்சியில் தெரிந்தால், நாளைக்கு எவன் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் படியிறங்குவான்? அதனால் அப்படி ஒரு நாளே வரவில்லை என்று முடிவு செய்துவிட்டார். சாயாக்கடையில் நடந்தது அந்த முடிவுதான்.

திங்கட்கிழமை விடிந்தது. பேச்சியம்மாள் லீவு போட்டிருந்தாள். பழைய இரும்புக்காரன் வாசலில் தராசோடு குந்தியிருந்தான். உளி, ரம்பம், இழைப்புளி எல்லாம் ஒரு கோணிமேல் பரப்பப்பட்டிருந்தன. செல்லப்பா அவற்றின் பக்கம் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெஞ்சைப் பேச்சியம்மாள் முந்தின நாளே கொல்லைப்புறம் தள்ளிவிட்டிருந்தாள், அடுப்புக்கு ஆகும் என்று.

கங்கா புதுச் சேலையில் வந்து நின்றாள். அழகர் கையில் விபூதியோடு சுற்றும்முற்றும் பார்த்தார். இந்த மூலையைப் பார்த்தார், அந்த மூலையைப் பார்த்தார். மெல்லச் செல்லப்பாவின் காதோரம் வந்தார்.

“மாப்ள, அது எங்க?”

“எது மச்சான்?” செல்லப்பாவின் குரல் தெரு முழுக்கக் கேட்டது.

“மெதுவாப் பேசுங்க. அதுதான்... அன்னைக்குப் புள்ள உக்காந்து புறப்பட்டுச்சே.”

“புள்ள எதுல உக்காந்துச்சு? பாயிலதான?”

“வெளையாடாதீங்க மாப்ள. அதுல உக்காந்து போயித்தான் வேலை கெடைச்சிருக்கு. இன்னைக்கு அது இல்லாம மொத நாள் அனுப்பலாமா? சகுனம் மாறிப் போயிடும்.”

“எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லையே மச்சான். வெயில் ஜாஸ்தி பாருங்க.”

பேச்சியம்மாள் பக்கத்தில் வந்து நின்றாள். “என்னண்ணே தேடுறீங்க?”

“ஒண்ணுமில்ல தாயி.”

“ஒண்ணுமில்லேன்னா கெளம்பட்டும். ஏய் கங்கா, வலது கால எடுத்து வை.”

கங்கா காலைத் தூக்கினாள். வேண்டுமென்றே மெல்லத் தூக்கினாள். அந்தக் கால் படிக்கு மேலே அந்தரத்தில் நின்றது. இரும்புக்காரன் இழைப்புளியைக் கையில் எடுத்துத் தராசுத் தட்டில் வைத்தான். அழகர் அந்தக் காலைப் பார்த்தார், தங்கச்சி முகத்தைப் பார்த்தார்.

“இரு, இரு! கால கீழ வைக்காத!” என்று அலறினார். “ஏய் பேச்சி, அந்தப் பெஞ்ச எங்க போட்ட?”

“எந்தப் பெஞ்சுண்ணே?”

“உன் புருஷன் செஞ்ச பெஞ்சுதாண்டி! ஐலண்டுக்குக் கொண்டுபோன பெஞ்சு!”

எதிர்வீட்டு ஜன்னலில் ரெண்டு தலை முளைத்தது. பேச்சியம்மாள் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

“அப்ப அவரு சொன்னது...”

“நடந்துச்சு,” என்றார் அழகர், விபூதித் தட்டைப் பார்த்துக்கொண்டே. “போட்டுல ஏறுனது, எல்லாரும் தும்முனது, அந்தக் கூத்து அத்தனையும் நடந்துச்சு. முன்பக்கம் தூக்குனதே நான்தான். போதுமா?”